வருவோர் கணக்கும் வாழ்வோர் கணக்கும்



1950-ஆம் ஆண்டில் நாட்டு எல்லை தாண்டிச் சுற்றுலா போனவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து இரண்டரைக் கோடிப் பேர். 2019-ல் அந்த எண்ணிக்கை 146 கோடி. பெருந்தொற்று வந்த 2020-ல் அது நாற்பது கோடி அளவுக்குச் சரிந்தது. பழைய சுற்றுலா இனித் திரும்பாது என்று அப்போது பலர் எழுதினார்கள். நான்கே ஆண்டில் திரும்பிவிட்டது. 2024-ல் போய்வந்தவர்கள் ஏறத்தாழ 140 கோடி. மாட்ரிட் நகரில் இயங்கும் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு வெளியிடும் கணக்கு இது. சொந்த நாட்டுக்குள்ளேயே ஊட்டிக்கும் திருப்பதிக்கும் போய்வருகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை.

எல்லையில் எண்ணப்படும் இந்தத் தலைக்கணக்கு கூடினால் அமைச்சர்கள் மேடையில் அறிவிக்கிறார்கள்; பத்து லட்சமாவது பயணிக்கு விமான நிலையத்தில் மாலை விழுகிறது. குறைந்தால் பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. அந்தப் பயணி போய் இறங்கும் ஊரில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், அவர்கள் கொடுக்கும் வாடகை எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்பதை எந்த மேடையிலும் யாரும் வாசிப்பதில்லை. வருவோர் கணக்கு ஏறிக்கொண்டே போக, வாழ்வோர் கணக்கு சத்தமில்லாமல் தேய்ந்துவருகிறது. இன்றைய உரை இந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

மனிதர்கள் எப்போதும் பயணம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். காசிக்கும் மக்காவுக்கும் ஜெருசலேமுக்கும் நடந்தார்கள். மிளகுக்காகவும் பட்டுக்காகவும் கடல் கடந்தார்கள். சாதாரணக் குடும்பங்கள் வெறுமனே ஊர் பார்த்துவிட்டு வருவதற்கென்று கிளம்பியது அண்மைக் காலத்துப் பழக்கம். 1841 ஜூலை 5-ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு சிறப்பு ரயில் புறப்பட்டது. ஏறியவர்கள் ஐந்நூறு பேர் அளவில். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். போன இடம் மதுவிலக்குப் பிரசாரக் கூட்டம். ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக் என்ற தச்சர்; மதப் பிரசாரகரும்கூட. உழைக்கும் மக்கள் சாராயக் கடையில் விழுந்துகிடக்காமல் வெளியூர்க் காற்றை வாங்கட்டும் என்பது அவருடைய எண்ணம். அதிலிருந்து முளைத்த நிறுவனம் 178 ஆண்டுகள் நடந்தது. 2019 செப்டம்பரில், பயணிகளின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், கடன் சுமை தாங்காமல் அது மூடப்பட்டது. வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பிரிட்டிஷ் அரசே விமானம் அமர்த்தி அழைத்துவர வேண்டியதாயிற்று.

சுற்றுலாவைப் பெருக்கியது ரயிலும் விமானமும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1936-ல் பிரான்ஸின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்க வைத்தார்கள். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வையும் ஊதிய விடுமுறையையும் எல்லோருக்கும் உரிய உரிமையாக எழுதிவைத்தது. அதுவரை பிரபுக்களின் பிள்ளைகளுக்கும் பணக்கார வியாபாரிகளுக்கும் மட்டும் கிடைத்த கடற்கரை, ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் கிடைத்தது அதற்குப் பிறகுதான். சுற்றுலாத் தலங்களில் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்க்க வந்த ஒருவர் யாருக்கும் பகைவர் ஆகிவிட மாட்டார். குற்றம் அவரிடம் இல்லை. அவரைக் கூட்டிவந்து ஓரிடத்தில் கொட்டும் ஏற்பாட்டில் இருக்கிறது.

அந்த ஏற்பாடு வளர்ந்த வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1958-ல் போயிங் 707 ஜெட் விமானம் பயணிகள் சேவைக்கு வந்தது. 1970-ல் ஜம்போ ஜெட் வந்தது. 1990-களில் ஐரோப்பிய வான்வெளி எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட, மலிவுக் கட்டண விமானங்கள் பெருகின. 2008-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏர்பிஎன்பி, வீட்டு அறையை விடுதி அறையாக்கும் வழியைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம் ஆசியாவில் புதிய நடுத்தர வர்க்கம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வெளியே போனவர்கள் ஏறத்தாழ ஒரு கோடி. 2019-ல் பதினைந்தரைக் கோடி.

இனி, இந்த வெள்ளம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது வெனிஸ்.

கடற்கழியின் நடுவே, சேற்றில் அறைந்த மரத்தூண்களின் மேல் எழுந்த நகரம் அது. 1951-ல் இந்தப் பழைய தீவு நகரில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் காம்போ சான் பார்த்தலோமியோ என்ற சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 2008-ல் உள்ளூர்க்காரர்கள் சிலர் அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மின்னணுப் பலகையை வைத்தார்கள். நகரத்தில் மிஞ்சியிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையை அது காட்டும். யாராவது குடிபெயர்ந்தால் எண் குறையும். வைத்தபோது அறுபதாயிரத்துச் சொச்சம் காட்டியது. 2022-ல் ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஆண்டில் நகரக் குடிமக்கள் அமைப்பு ஒன்று கூட்டிப் பார்த்தபோது, பயணிகளுக்கென்று போடப்பட்டிருந்த படுக்கைகளின் எண்ணிக்கை குடிமக்களின் எண்ணிக்கையை முந்தியிருந்தது. தலையணைக்கு ஒரு ஆள் என்று வைத்தால்கூட, அந்த ஊரில் ஊர்க்காரர்கள் சிறுபான்மையினர்.

நியாயமாகப் பேச வேண்டும். வெனிஸ் காலியானதற்குச் சுற்றுலா மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. 1966 நவம்பர் 4-ஆம் நாள் கடல் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊருக்குள் புகுந்தது. தரைத்தள வீடுகள் ஆயிரக்கணக்கில் வாழத் தகுதியற்றுப் போயின. எதிர்க்கரையில் மெஸ்த்ரேயில் ஈரமில்லாத அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன, வாசலில் கார் நிறுத்த முடிந்தது, மர்கேராவில் தொழிற்சாலை வேலை இருந்தது. மக்கள் அந்தப் பக்கம் போனார்கள். சுற்றுலாவின் பங்கு அதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. காலியான வீட்டில் இன்னொரு வெனிஸ் குடும்பம் குடிவரும் வாய்ப்பை அது அடைத்துவிட்டது. பாட்டி இறந்து பேரனுக்கு வீடு வருகிறது. ஊர்க்காரருக்கு வாடகைக்கு விட்டால் மாதத்துக்கு ஒரு தொகை. பயணிக்கு இரவுக் கணக்கில் விட்டால் அதே தொகை ஒரு வாரத்தில். பேரன் என்ன செய்வான்? அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அப்படி ஒவ்வொரு படிக்கட்டாக, ஒவ்வொரு தெருவாக ஊர் கைமாறியது. குடும்பங்கள் குறைந்ததும் காய்கறிக் கடைக்கு வியாபாரம் இல்லை. அந்த இடத்தில் முகமூடியும் காந்தப் பொம்மையும் விற்கும் கடை வந்தது. கட்டை வண்டி போக முடியாத சந்துகளில் துப்புரவுத் தொழிலாளர்கள் கைவண்டியில் குப்பையைத் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றுகிறார்கள். காலையில் ரயிலிலும் பேருந்திலும் வந்து, கையோடு கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பும் பயணி விட்டுச்செல்வதும் பெரும்பாலும் அந்தக் குப்பைதான். அள்ளும் செலவு நகராட்சியுடையது.

ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் இரவு தங்குவதில்லை. ஆகவே 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகுந்த 29 நாட்களில், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதித்தது வெனிஸ் நகராட்சி. ஒரு நகரத்துக்குள் நுழைய இப்படிக் கட்டணம் வாங்குவது உலகுக்குப் புதிது. 4,85,000 பேர் கட்டினார்கள். 24 லட்சம் யூரோ வசூலானது. அடுத்த ஆண்டில் நாட்களை 54 ஆக்கினார்கள்; கடைசி நேரத்தில் பதிவு செய்பவருக்குப் பத்து யூரோ. கூட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறையவில்லை. குறையாது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெனிஸ் வரைக்கும் வந்துவிட்டவர் ஐந்து யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா? முதல் நாளிலேயே ஊர் மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நுழைவுச்சீட்டு வைத்ததும் ஊர் பொருட்காட்சியாகிவிட்டது என்பது அவர்களின் ஆத்திரம். அது நியாயமான ஆத்திரம். இத்தனை பேருக்கு மேல் இன்று அனுமதி இல்லை என்ற உச்சவரம்பு இல்லாமல் வாங்கப்படும் கட்டணம், ஊரைக் காப்பாற்றும் கருவியாகாது, வருமானம் மட்டுமே.

கப்பல் விஷயத்தில் வெனிஸ் உறுதியாக நின்றது, அதுவும் தாமதமாக. 2019 ஜூன் 2-ஆம் நாள் கட்டுப்பாட்டை இழந்த சொகுசுக் கப்பலொன்று ஜுதேக்கா கால்வாயில் துறைமேடையிலும் ஒரு பயணிப் படகிலும் மோதியது; சிலர் காயமடைந்தார்கள். மக்கள் பல ஆண்டுகளாகக் கப்பல் வேண்டாம் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். யுனெஸ்கோ வெனிஸை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்க யோசிக்கிறது என்ற செய்தி வந்த பிறகே இத்தாலி அரசு அசைந்தது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கால்வாய் வழியே வரத் தடை.

இன்றைய சொகுசுக் கப்பலின் பருமன் தெரிந்தால்தான் இந்தத் தடையின் பொருள் விளங்கும். டைட்டானிக் கப்பல் சுமார் 46,000 டன். 2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ ஏறத்தாழ இரண்டரை லட்சம் டன். 7,600 பயணிகள் வரை ஏறலாம். பயணி தூங்குவதும் சாப்பிடுவதும் கப்பலில்; கரையில் அவர் இருப்பது சில மணி நேரம். காசு கப்பலில் விழுகிறது, நெரிசல் கரையில் விழுகிறது. அலாஸ்காவின் ஜூனோ நகரில் மக்கள் தொகை சுமார் 32,000. 2023-ல் அங்கே கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கு மேல். அந்த நகராட்சி கப்பல் நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசி, 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்கு மேல் வரக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. சின்ன ஊர்தான். ஆனால் எண்ணிக்கையைப் பேரம் பேச அது துணிந்தது.

1975-ல் டாக்ஸி என்ற ஆய்வாளர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். விருந்தாளியைப் பார்க்கும் ஊர்க்காரரின் மனம் நான்கு படிகளில் மாறும் என்றார். முதலில் மகிழ்ச்சி. பிறகு அலட்சியம். மூன்றாவது எரிச்சல். கடைசியில் பகை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த நான்காவது படியை ஸ்பெயினில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் கேனரி தீவுகளில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கித் தீவுகளுக்கும் ஓர் எல்லை உண்டு என்று முழங்கினார்கள். ஜூலையில் பார்சிலோனாவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். 1992 ஒலிம்பிக் போட்டிக்காகத் தன்னை அழகுபடுத்திக்கொண்டு உலகத்தை வா வா என்று அழைத்த அதே பார்சிலோனா. அங்கே பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 விழுக்காடு ஏறியிருந்தது. நகரத் தந்தை ஜௌமே கொல்போனி, பயணிகளுக்கு வாடகைக்கு விட உரிமம் பெற்றுள்ள 10,101 வீடுகளின் உரிமங்களும் 2028 நவம்பருக்குள் முடிவுக்கு வரும், மீண்டும் புதுப்பிக்கப்பட மாட்டா என்று அறிவித்தார். பயணியின் மேல் தண்ணீர் பீய்ச்சியது முறையற்ற செயல். ஆனால் சொந்த ஊரில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் வெளியேறும் பள்ளி ஆசிரியைக்கும் தாதிக்கும் பதில் சொல்லாமல், அந்தத் தண்ணீரை மட்டும் கண்டிப்பது அதைவிட முறையற்றது.

சுற்றுலா தரும் காசு யாருடைய கைக்குப் போகிறது என்ற கேள்விக்கு மாலத்தீவு நல்ல பாடம். அங்கே முதல் சொகுசு விடுதி, குரும்பா, 1972-ல் திறக்கப்பட்டது. பிறகு ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடு நிலைத்தது. ஆள் இல்லாத தீவை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவார்கள். பயணி விமான நிலையத்திலிருந்து படகிலோ கடல் விமானத்திலோ நேரே அங்கே போவார். மாலத்தீவுக்காரர்கள் வசிக்கும் ஊரை அவர் பார்க்கவே வேண்டியதில்லை. நாட்டின் வருமானம் பெருகியது. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்த விடுதிகளில் வேலையும் கிடைத்தது. ஆனால் முதலாளி ஆகும் வழி அவர்களுக்கு இல்லை. 2009-ல் சட்டம் மாறியது. மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்றானது. மாஃபுஷி போன்ற தீவுகளில் சொந்த வீட்டின் மேல் இரண்டு அறை எடுத்துக் கட்டியவர்கள், மீன்பிடிப் படகைப் பயணிகள் படகாக மாற்றியவர்கள் எல்லாம் தொழிலுக்குள் வந்தார்கள். ஊர் வழக்கத்துக்கு இடையூறு இல்லாமல், குளியல் உடையில் இருக்கப் பயணிகளுக்குத் தனிக் கடற்கரையை ஒதுக்கினார்கள். இதிலும் குறை உண்டு. கான்கிரீட் பெருகியது; குப்பை பெருகியது; தலைநகர் மாலேயின் குப்பைக்கென்றே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட திலஃபுஷி தீவு புகை மண்டிக் கிடந்தது பல காலம். என்றாலும், வருகிறவரின் காசு உள்ளூர்க் குடும்பத்தின் கைக்கு நேரே போக ஒரு சட்டத் திருத்தம் போதும் என்பதை மாலத்தீவு காட்டியிருக்கிறது.

ஒரே தொழிலை நம்பி நிற்பதன் ஆபத்தை இலங்கையைப் போல அனுபவித்த நாடுகள் குறைவு. 2018-ல் 23 லட்சம் பேர் அங்கே வந்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு பெருந்தொற்று. 2021-ல் வந்தவர்கள் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்நியச் செலாவணி வறண்டதற்கு வேறு பல காரணங்களும் சேர்ந்தன; 2022-ல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றதை உலகம் பார்த்தது. இன்று மறுபடியும் இருபது லட்சத்தைத் தாண்டி வருகிறார்கள். விடுதிக்காரர்களும் முச்சக்கர வண்டி ஓட்டுநர்களும் மூச்சுவிட முடிகிறது. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்வோம். ஆனால் வயலையும் மீன்பிடியையும் கைத்தொழிலையும் விட்டுவிட்டு விருந்தாளியை மட்டும் நம்பும் ஊர், எங்கோ நடக்கும் போருக்கும் நோய்க்கும் பணயமாக நிற்கிறது.

ஊர்களின் கணக்கைத் தாண்டி, பூமிக்கென்றும் ஒரு கணக்கு உண்டு. 2024-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வின்படி, 2019-ல் மனிதர்கள் வெளியேற்றிய பசுங்குடில் வாயுக்களில் 8.8 விழுக்காடு சுற்றுலாவால் வந்தது. அதில் பெரிய பங்கு விமானங்களுடையது. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் காலத்திலிருந்து, பன்னாட்டு விமானங்களின் எரிபொருளுக்கு வரி போடாத வழக்கம் தொடர்கிறது. போர் முடியும் தறுவாயில், இளம் தொழிலுக்குக் கொடுத்த சலுகை அது. எண்பது ஆண்டுகள் ஆகியும் விலக்கப்படவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் நாடுகள் தருகிற உறுதிமொழிகளிலும் பன்னாட்டு விமானங்களின் புகை பெரும்பாலும் எந்த நாட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை. யார் பறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-ல் விமானம் ஏறியவர்கள் உலக மக்களில் 11 விழுக்காட்டினர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பயணிகள் விமானங்களின் கார்பனில் பாதிக்கு உலக மக்களில் ஒரு விழுக்காட்டினரே காரணம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கடல் மட்டம் ஏறும்போது முதலில் மூழ்கப் போவது மாலத்தீவு மீனவரின் வீடு. அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவராக இருக்கலாம்.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தாய்லாந்தின் பீ பீ லே தீவில் மாயா விரிகுடா என்ற சின்னக் கடற்கரை. அங்கே எடுக்கப்பட்ட, லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த ‘தி பீச்’ படம் 2000-ஆம் ஆண்டில் வெளியானதும் ஊர் உலகமெல்லாம் அங்கே கிளம்பியது. சில நாட்களில் ஐந்தாயிரம் பேர். வேகப் படகுகள் வரிசையாக மணலில் முட்டி நிற்கும். நங்கூரங்கள் பவளப்பாறைகளை உடைத்தன. 2018 ஜூனில் அரசு அதை மூடியது. சில மாதங்களுக்கு என்று சொல்லி மூடியது, மூன்றரை ஆண்டுகள் நீண்டது. கடல் உயிரியலாளர்கள் பவளத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். கரும்நுனிச் சுறாக்கள் ஆழமில்லாத நீருக்குத் திரும்பி வந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. படகு விரிகுடாவுக்குள் வரக் கூடாது. தீவின் பின்புறம் கட்டிய மிதவைத் துறையில் ஆட்களை இறக்கிவிட வேண்டும். ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு. கடலில் நீந்தத் தடை. ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பரில் மூடல். பயணிகள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வருகிறார்கள்.

ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க அனுமதிச் சீட்டு 1,500 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம். பூங்காக்களின் சுற்றுலா வருவாயில் பத்து விழுக்காடு காட்டை ஒட்டிய ஊர்களின் பள்ளிக்கும் குடிநீருக்கும் சாலைக்கும் போகிறது. மூன்று நாடுகளில் பரந்த விருங்கா மலைத்தொடரில் 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே மிஞ்சியிருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604. கண்ணி வைத்துப் பிழைத்த ஊரார், கண்ணியை அகற்றும் காவலர்களானது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பணக்காரருக்கு மட்டும் கதவைத் திறந்தால் போதும் என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடக் கூடாது. பூட்டான் அந்த வழியில்தான் போனது. 1974-ல் நாட்டைத் திறந்தபோதே குறைந்த ஆட்கள், அதிக மதிப்பு என்ற கொள்கையை வகுத்துக்கொண்டது. 2022 செப்டம்பரில் இரவொன்றுக்கு 200 டாலர் என்று மேம்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தியது. வருகை சுருங்கி, வழிகாட்டிகளும் விடுதி ஊழியர்களும் வேலையில்லாமல் தவித்தார்கள். ஓராண்டில் கட்டணம் 100 டாலராகப் பாதியாக்கப்பட்டது. இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய்தான். கட்டணத்தால் மட்டும் வடிகட்டினால் வசதியில்லாதவர்களுக்குப் பயணம் மறுக்கப்படுகிறது. 1936-ல் தொழிலாளர்கள் போராடிப் பெற்றதைப் பின்வாசல் வழியாகப் பறிப்பதுபோல் ஆகிவிடும். வரம்பு வைத்து, முன்பதிவும் குலுக்கலும் முறையுமாக இடத்தைப் பகிர்ந்தளிப்பது கடினமான நிர்வாகம். ஆனால் அதுவே நேர்மையானது.

இந்த விவாதம் நம் மலைகளுக்கும் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்படவில்லை. நீலகிரியில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். ஒரு கோடைப் பருவத்து வருமானத்தில் ஓராண்டு வண்டி ஓட்டும் சிறு வியாபாரியின் அச்சம் உண்மையானது. அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதே சமயம் இந்த வரம்பில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. இது ஆட்களைத் தடுக்கவில்லை, கார்களைத் தடுத்தது. பேருந்தில் வருபவருக்குக் கதவு திறந்தே இருந்தது. மலைப்பாதையில் நெரிசலுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பதைப் பார்த்த உதகைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலை எவ்வளவு தாங்கும் என்று கண்டறிய ஐஐடி மெட்ராஸையும் பெங்களூரு ஐஐஎம்மையும் நீதிமன்றம் ஈடுபடுத்தியிருக்கிறது.

எண்ணும் முறையும் மெல்ல மாறிவருகிறது. சுற்றுலாவின் நீர்ச் செலவு, எரிசக்திச் செலவு, உள்ளூர் வேலை ஆகியவற்றையும் அளக்கும் புள்ளியியல் சட்டகம் ஒன்றை 2024 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் இருப்பது ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும்.

ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த விடுமுறையில் நான்கு நாளில் ஆறு ஊர் என்று ஓடாதீர்கள். ஓர் ஊரில் நான்கு நாள் தங்குங்கள். ரயிலோ பேருந்தோ போகும் இடத்துக்கு அதில் போங்கள். அந்த ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தூங்கி, அந்த ஊர்க்காரர் நடத்தும் மெஸ்ஸில் சாப்பிடுங்கள். இரண்டாவது வேண்டுகோள், சுற்றுலாத் தலங்களில் குடியிருப்பவர்களுக்கு. உங்கள் மலையும் கடற்கரையும் எத்தனை பேரைத் தாங்கும் என்ற ஆய்வு முடிவுகளைத் தமிழில் வெளியிடச் சொல்லுங்கள்; கிராம சபையிலும் நகர்மன்றத்திலும் அவற்றை வாசிக்கச் சொல்லுங்கள். வரம்பு எது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் விடுதி உரிமையாளர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்களும் போய் உட்காருங்கள்.